மதுரைச் சீமையில் பழைய துப்பாக்கியின் விலை

பழைய துப்பாக்கியின் விலையைக் குழலின் தரமும் கட்டையின் அழகும் ஓரளவுக்குத்தான் தீர்மானிக்கின்றன. அதை வாங்கச் சட்டப்படி தகுதி உள்ளவர்கள் ஊரில் எத்தனை பேர் என்பதே மீதியைத் தீர்மானிக்கிறது. சந்தையில் மாட்டை யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம். துப்பாக்கியை உரிமம் உள்ளவர் மட்டுமே வாங்கலாம். உரிமத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அரசின் கையில் இருக்கிறது. ஆகவே மதுரையிலும் அதைச் சுற்றியுள்ள சமவெளியிலும் பழைய துப்பாக்கி கைமாறிய வரலாறு, ஆயுதத்தை அரசு எப்படிப் பார்த்தது என்ற வரலாற்றோடு பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடக்கிறது.

துப்பாக்கி என்ற சொல்லே வெளியிலிருந்து வந்தது. துருக்கிய வழக்கில் பிறந்து இந்துஸ்தானி வழியாகத் தமிழுக்குள் நுழைந்தது. பீரங்கி என்ற சொல் பரங்கிக்கு உறவு. சொல் வந்த வழியில் பொருளும் வந்தது. பதினாறாம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையில் போர்ச்சுகீசியர் காலூன்றிய பின், கரையோரத் துறைமுகங்கள் வழியே திரித் துப்பாக்கி உள்நாட்டுக்குப் பரவியது. எரியும் திரியை மருந்தில் தொட்டுச் சுடும் அந்தத் துப்பாக்கியை உள்ளூர்க் கொல்லர்களும் செய்யக் கற்றுக்கொண்டார்கள். நாயக்கர் ஆட்சியில் மதுரைச் சீமை பாளையங்களாகப் பிரிந்திருந்தது; மரபு அவற்றை 72 என்று எண்ணும். ஒவ்வொரு பாளையக்காரரும் படை வைத்திருந்தார். ஊர்க்காவலும் ஆயுதம் ஏந்தியவர்களின் தொழிலாகவே இருந்தது. வாள், ஈட்டி, வளரி என்ற வரிசையில் துப்பாக்கியும் ஒரு கருவி, அவ்வளவுதான். அதை வாங்க யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. காசும் மருந்தும் இருந்தால் போதும்.

அந்தத் தாராளத்துக்கு மதுரையிலேயே ஒரு முடிவு வந்தது. 1759 முதல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளைக் குத்தகைக்கு எடுத்து நிர்வகித்த யூசுப்கான் என்ற கான்சாகிபு கோட்டையைப் பலப்படுத்தினார். மருந்தும் துப்பாக்கியும் சேர்த்தார். மர்ச்சாந்து என்பவரின் தலைமையில் பிரெஞ்சு வீரர்களையும் வைத்துக்கொண்டார். 1763இல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையும் ஆற்காட்டு நவாபின் படையும் சேர்ந்து மதுரையை முற்றுகையிட்டும் கோட்டை விழவில்லை. மறு ஆண்டு, உடனிருந்தவர்களே பிடித்துக் கொடுத்ததால், 1764 அக்டோபர் 15 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார். அவருடைய சமாதி மதுரையின் மேற்கே சம்மட்டிபுரத்தில் இருக்கிறது. திண்டுக்கல் சாலையில் உள்ள விளாங்குடியிலிருந்து அது சில கிலோமீட்டர் தூரம்தான். சீமைக்குள் துப்பாக்கி தாராளமாகப் புழங்கினால் ஆட்சி நிலைக்காது என்ற பாடத்தை ஆங்கிலேயர் மதுரையில் படித்தார்கள்.

அந்தப் பாடம் சட்டமாவதற்கு முப்பத்தேழு ஆண்டுகள் ஆயின. கம்பெனியை எதிர்த்துப் போரிட்டதற்காக 1799 அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மனும், 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்களும் தூக்கிலிடப்பட்டார்கள். 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிவிப்பு, தென் பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதற்கே தடை போட்டது. பாளையக் கோட்டைகள் இடிக்கப்பட்டன, ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. நேற்றுவரை விலை போன துப்பாக்கி ஒரே அறிவிப்பில் விலையில்லாப் பொருளாயிற்று. அதை விற்க நினைப்பதும் ஆபத்து, வைத்திருப்பதும் ஆபத்து. இந்தச் சீமையில் பழைய துப்பாக்கிச் சந்தை கண்ட முதல் வீழ்ச்சி இதுவே.

1857 கிளர்ச்சி இந்தக் கட்டுப்பாட்டை நாடு முழுவதற்கும் விரித்தது. 1857லும் 1860லும் ஆயுதச் சட்டங்கள் வந்தன. லிட்டன் வைசிராயாக இருந்தபோது வந்த 1878ஆம் ஆண்டுச் சட்டம் உரிமத்தை நிரந்தரமாக்கியது. ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் பட்டம் பெற்ற சில பெரிய மனிதர்களுக்கும் விலக்கு, மற்றவர்களுக்கு உரிமம். குடகு மக்களுக்கு மட்டும் 1861இலேயே தனி விலக்குக் கிடைத்திருந்தது; அங்கே இன்றும் துப்பாக்கிக்குப் பூசை போடும் பண்டிகை உண்டு. ஐரோப்பியருக்கு விலக்கு, மற்றவர்களுக்கு உரிமம் என்ற இனப் பாகுபாடு தமிழ்நாட்டில் எரிச்சலைக் கிளப்பியது. 1887இல் சென்னையில் கூடிய காங்கிரசின் மூன்றாம் மாநாடு ஆயுதச் சட்டத்தைத் திருத்தக் கோரியது. விலக்குப் பட்டியலில் இனம் பார்ப்பது முதல் உலகப் போருக்குப் பிறகுதான் நீங்கியது. 1930இல் காந்தி வைசிராய் முன் வைத்த பதினொரு கோரிக்கைகளில் தற்காப்புக்குத் துப்பாக்கி உரிமம் தரவேண்டும் என்பதும் ஒன்று. அகிம்சையைப் போதித்தவர் இதைக் கேட்டது முரண் என்று சிலருக்குத் தோன்றலாம். ஒரு மக்களை நம்பாத சட்டம் அந்த மக்களை அவமதிக்கிறது என்பதே அந்தக் கோரிக்கையின் பொருள்.

உரிமம் வைத்திருந்தவர்களுக்கோ இதே காலம் துப்பாக்கி வாங்குவதன் பொற்காலமாக இருந்தது. சென்னை மவுண்ட் ரோட்டின் பெரிய கடைகளில் மது, சேணம், கடிகாரம், மேசை நாற்காலியோடு துப்பாக்கியும் விற்றது. ஓக்ஸ் கம்பெனியும் பி. ஆர் அண்ட் சன்ஸும் அவற்றில் பெயர் பெற்றவை. பி. ஆர் கடிகாரக் கடை; ராபர்ட் சிஸோம் வடிவமைத்த அதன் கட்டடம் இன்றும் அண்ணா சாலையில் நிற்கிறது. இந்தக் கடைகள் துப்பாக்கியைப் பெரும்பாலும் தாங்களே செய்யவில்லை. பர்மிங்காம் பட்டறைகளில் செய்து இறக்குமதியான துப்பாக்கியின் இரண்டு குழல்களுக்கு நடுவே உள்ள பட்டையில் கடையின் பெயரும் 'மெட்ராஸ்' என்ற ஊர்ப் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். லண்டனின் ஆர்மி அண்ட் நேவி கூட்டுறவுக் கடை 1891இல் பம்பாயிலும் 1901இல் கல்கத்தாவிலும் கிளை திறந்தது. அதன் தடித்த விலைப்பட்டியலில் வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் தனிப் பக்கங்கள் இருந்தன.

புதுத் துப்பாக்கிக்கு அச்சிட்ட விலை. அதில் பேரத்துக்கு இடமில்லை. பேரம் பழைய துப்பாக்கியில்தான். பணி முடிந்து கப்பல் ஏறும் ஆங்கில அதிகாரி குதிரை, வண்டி, வீட்டுச் சாமான் எல்லாவற்றையும் விற்பார்; துப்பாக்கியும் அந்தப் பட்டியலில் சேரும். கப்பல் தேதி நெருங்க நெருங்க விலை இறங்கும். இதை அறிந்த ஜமீன்தாரும் தோட்ட முதலாளியும் காத்திருந்து வாங்கினார்கள். பழைய மதுரை மாவட்டத்தில் திண்டுக்கல், கொடைக்கானல் மலை, கம்பம் பள்ளத்தாக்கு எல்லாம் அடக்கம். மலையில் தோட்டம், அடிவாரத்தில் காடு, சமவெளியில் கண்மாய் நிறையக் குளிர்காலப் பறவைகள். வேட்டைக்குப் பஞ்சமில்லாத மாவட்டம் அது. மதுரையிலிருந்து மலைக்குப் போகும் பாதை விளாங்குடி, பரவை, சமயநல்லூர் வழியாகத்தான் போயிற்று.

பழையதின் விலையைத் தொழில்நுட்பமும் ஆட்டி வைத்தது. 1875இல் பர்மிங்காமில் ஆன்சன், டீலி என்ற இருவர் குதிரை என்னும் சுத்தி வெளியே தெரியாத துப்பாக்கிப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார்கள். அது பரவியதும், வெளியே குதிரை நீட்டிக்கொண்டிருந்த பழைய இரட்டைக் குழல்கள் நாகரிகம் இழந்தன. அடுத்துப் புகையில்லா மருந்து வந்தது. இரும்பையும் எஃகையும் முறுக்கிச் சுற்றி அடித்த டமாஸ்கஸ் குழல் பார்க்க அழகு. பட்டுச்சேலை ஓரம்போல் அலையலையாக வரி ஓடும். ஆனால் அது கருமருந்துக் காலத்துக் குழல். புகையில்லா மருந்தின் அழுத்தத்தை எல்லாக் குழலும் தாங்காது. இங்கிலாந்தில் லண்டன், பர்மிங்காம் சோதனைச் சாலைகளில் ஒவ்வொரு குழலும் மிகை மருந்து வைத்துச் சுட்டுப் பார்க்கப்பட்டு முத்திரை பெறும். பர்மிங்காம் சோதனைச் சாலை 1813 முதல் இயங்குகிறது. புகையில்லா மருந்துக்கான முத்திரை இல்லாத குழல் எத்தனை அழகாயிருந்தாலும் புகையில்லாத் தோட்டா சுடுவதற்கு உதவாது. பட்டையில் உள்ள கடைப் பெயரைப் பார்த்து விலை சொன்னவர்களும் உண்டு, குழலின் அடியில் உள்ள முத்திரையைப் பார்த்து விலை சொன்னவர்களும் உண்டு. இரண்டாமவர்கள் ஏமாறவில்லை.

சட்டம் ஒரு துப்பாக்கி வகையின் விலையை ஒரே நாளில் மாற்றிய சம்பவமும் அந்தக் காலத்தில் நடந்தது. 1907இல் ஆங்கில அரசு .450 அளவுத் துப்பாக்கியை இந்தியாவுக்குள் இறக்கத் தடை விதித்தது. பழைய ராணுவத் துப்பாக்கிகளுக்கு அந்தத் தோட்டா உதவிவிடும் என்ற பயமே காரணம். லண்டன் தயாரிப்பாளர்கள் உடனே .465, .470 என்று புது அளவுகளைக் கொண்டு வந்தார்கள். இந்தியச் சந்தைக்கு .315 அளவு பொருந்தியதற்கும் இதே மாதிரிக் காரணம் உண்டு: ராணுவத்தின் .303 தோட்டா குடிமக்களுக்கு விலக்கப்பட்டிருந்தது. தடை செய்யப்பட்ட அளவு, தடையில்லா அளவு என்ற பிரிவு இன்றைய சட்டத்திலும் தொடர்கிறது. தடை செய்யப்பட்ட அளவுக்கு உரிமம் தருவது மத்திய அரசு. வாங்கத் தகுதியானவர்கள் மிகச் சிலர். ஆகவே விற்பவருக்குப் பேரம் பேச ஆள் கிடைப்பதே கடினம். ஆங்கிலேயர் காலத்தில் உரிம ஏற்பாட்டுக்கு வெளியே ஒரு கைத்துப்பாக்கி வேண்டுமென்றால் கடல் கடந்துதான் வர வேண்டியிருந்தது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் கைத்துப்பாக்கியால்.

சுதந்திர இந்தியா 1878ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி 1959இல் புதுச் சட்டம் இயற்றியது. அது 1962 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. பழைய துப்பாக்கி வணிகம் இன்றும் இதன் கீழேயே நடக்கிறது. மாவட்டத்தில் ஆட்சியரும், காவல் ஆணையர் உள்ள மாநகரத்தில் ஆணையரும் உரிமம் தருவார்கள். கடை வைத்து விற்பவருக்குத் தனி உரிமம் வேண்டும். தன் சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த துப்பாக்கியைத் தனி மனிதர் இன்னொரு உரிமதாரருக்கு நேரடியாக விற்கவும் சட்டம் இடம் தருகிறது. வாங்குபவரின் பெயர், முகவரியோடு எழுத்தில் அதிகாரிக்குத் தெரிவித்து 45 நாள் கழிந்த பிறகே கைமாற்ற வேண்டும். உரிமத்தில் துப்பாக்கியின் வகையும் எண்ணும் ஏறினால்தான் வணிகம் முடிந்ததாகப் பொருள்.

இந்தக் காகித வேலைதான் பேரத்தின் தன்மையையே மாற்றிவிட்டது. மதுரைப் பக்கத்து மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியாது. வாங்க நூறு பேர் இருக்கும் இடத்தில் அந்த ரகசியத்துக்கு அர்த்தம் உண்டு. துப்பாக்கியை வாங்க வருபவர் ஒருவர், மிஞ்சினால் இருவர். பொருளை மறுநாளே வேறு ஊருக்குக் கொண்டுபோய் விற்க முடியாது. ஆகவே விலையை நியாயப்படுத்தும் பொறுப்பு பொருளைச் சோதிப்பதில் வந்து விழுகிறது.

பார்க்கத் தெரிந்தவர் முதலில் தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு துப்பாக்கியை மடித்துக் குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். உட்புறம் கண்ணாடிபோல் இருந்தால் வளையம் வளையமாக வெளிச்சம் சீராக ஓடும். எங்காவது வளையம் நெளிந்தால் அங்கே குழல் நசுங்கியிருக்கிறது. புள்ளி புள்ளியாக இருண்டிருந்தால் துரு அரித்திருக்கிறது. சுட்டபின் துடைக்காமல் வைத்ததன் அடையாளம் அது. ஈரக்காற்றுள்ள ஊர்களில் ஒரு மழைக்காலம் போதும். பிறகு துப்பாக்கியை மூடி ஆட்டிப் பார்ப்பார். குழலுக்கும் பின்பொறிக்கும் நடுவே ஆட்டம் இருந்தால் விலையில் பாதி அங்கேயே போய்விடும். கட்டையின் கழுத்தில் வெடிப்பு, மெருகில் மறைத்த ஒட்டு, தோட்டா அறையின் நீளம், பொறியின் எண்ணும் உரிமத்தின் எண்ணும் ஒத்துப்போகிறதா என்பது எல்லாம் அடுத்தடுத்து வரும். பழைய ஆங்கிலத் துப்பாக்கிகள் பலவற்றின் அறை இரண்டரை அங்குலத் தோட்டாவுக்கு ஆனது. இரண்டே முக்கால் அங்குலத் தோட்டாவை அதில் சுடுவது ஆபத்து. இந்தக் குறை ஒவ்வொன்றையும் விற்பவர் முன்னால் காட்டிப் பேசுவதே நேர்மையான பேரம். காட்டாமல் விலையை மட்டும் குறைப்பது அவருடைய அறியாமையைக் காசாக்குவது.

வாங்குபவரை உரிமம் சுருக்கிய இந்த நிலைக்கு அமெரிக்கா நேர் எதிர். அங்கே சியர்ஸ் போன்ற பெருங்கடைகள் தபாலிலேயே துப்பாக்கி விற்றன. 1963இல் கென்னடியைக் கொன்ற பழைய இத்தாலிய ராணுவத் துப்பாக்கி சிகாகோ விளையாட்டுப் பொருள் கடை ஒன்றிலிருந்து தபாலில் வந்தது. தொலைநோக்கியோடு விலை 19.95 டாலர். 1968ஆம் ஆண்டுச் சட்டம் அந்தத் தபால் வணிகத்தை நிறுத்தியது. ஆனாலும் கபேலாஸ் போன்ற பெருங்கடைகளில் பழைய துப்பாக்கிக்கு இன்றும் தனிப் பகுதி உண்டு. தேய்மானத்துக்கு ஏற்ப விலை சொல்லும் கையேடுகளும் அச்சாகி வருகின்றன. வாங்குபவரும் விற்பவரும் அதைத் திறந்து வைத்துக்கொண்டே பேசலாம். இங்கே அப்படி ஒரு பொது அளவுகோல் உருவாகவே இல்லை.

1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தன. காட்டுக்கும் உயிர்களுக்கும் அது அவசியமான முடிவு. அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. அதன் சுமை முதலில் விழுந்தது நரிக்குறவர்கள்மேல். வாய்வழி மருந்து கிட்டிக்கும் ஒற்றைக் குழல் நாட்டுத் துப்பாக்கிதான் அவர்களின் பிழைப்பாக இருந்தது. தொழில் போனபின் பாசிமணி விற்பனை அந்த இடத்தைப் பிடித்தது. ஜமீன் வீடுகளின் இரட்டைக் குழல்களுக்கும் வேலை போயிற்று. பயிர்க்காவலுக்கு நாட்டுத் துப்பாக்கி உரிமம் தர 1959ஆம் ஆண்டுச் சட்டம் இடம் வைத்திருக்கிறது. ஆனால் காக்கப் பயிர் வேண்டும். விளாங்குடி போன்ற ஊர்களில் வயல் வீட்டுமனையாகி, பேரூராட்சி 2011இல் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்தது. அந்தக் காரணத்தைக் காட்டி உரிமம் கேட்க அங்கே இனி நிலமில்லை.

கைத்துப்பாக்கியின் விலை எதிர்த் திசையில் போயிற்று. 1980களின் நடுவில் குடிமக்களுக்கான துப்பாக்கி இறக்குமதி நின்றது. அதற்கு முன்பே நாட்டுக்குள் வந்துவிட்ட வெப்ளி ஸ்காட் போன்ற வெளிநாட்டு ரிவால்வர்களின் எண்ணிக்கை கூட வழியில்லை, கேட்பவர்களோ கூடினார்கள். கான்பூர் அரசுத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர் புதிதாகக் கிடைத்தாலும், 2017இல் சரக்கு சேவை வரி கைத்துப்பாக்கிக்கு 28 சதவீதம் ஆனது. ஐம்பது ஆண்டு பழைய வெளிநாட்டுக் கைத்துப்பாக்கி புது உள்நாட்டுத் துப்பாக்கியைவிடப் பல மடங்கு விலை போவதற்குத் தரத்தைவிட அருமையே காரணம்.

'பன்னிரண்டு போர்' என்ற அளவு இரட்டைக் குழலுக்கு இன்று மிஞ்சியிருக்கும் பெரிய வேலை வங்கி வாசலும் நகைக்கடை வாசலும்தான். ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்றவர் சொந்தத் துப்பாக்கியும் உரிமமும் வைத்திருந்தால் காவலர் வேலை எளிதாகக் கிடைக்கும். தேர்தல் அறிவித்ததும் உரிமதாரர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைப்பது தமிழ்நாட்டில் வழக்கம். முடிந்ததும் ரசீதைக் காட்டித் திரும்பப் பெறுவார்கள். 1983ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவர் மூன்று துப்பாக்கிக்கு மேல் வைக்கக் கூடாது என்றது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அதை இரண்டாகக் குறைத்து, மிகையானதை ஓராண்டுக்குள் ஒப்படைக்கச் சொன்னது. கெடு வைத்து விற்கச் சொன்னால் விலை விற்பவர் பக்கம் நிற்காது. கப்பல் தேதி நெருங்கிய ஆங்கில அதிகாரியின் நிலைதான் இதுவும்.

மிகவும் குறைந்த விலைக்குத் துப்பாக்கி கைமாறும் இடம், உரிமதாரர் இறந்துபோன வீடு. உரிமம் அவரோடு முடிகிறது. பீரோவில் உள்ள துப்பாக்கியை எடுத்து என்ன செய்வது என்று தெரியாத மனைவியும் பிள்ளைகளும், வழக்கு வந்துவிடுமோ என்ற பயத்தில், முதலில் கேட்டவருக்குக் கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுகிறார்கள், அல்லது காவல் நிலையத்தில் விட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். பயப்பட வேண்டியதில்லை. தாமதமில்லாமல் காவல் நிலையத்திலோ, விதிகளுக்கு உட்பட்டு உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கினால் போதும். தகுதியுள்ள வாரிசு தன் பெயருக்கு உரிமம் கேட்கலாம். வேண்டாமென்றால், விதித்த காலத்துக்குள் உரிமம் உள்ள எவருக்கும் விற்கலாம். விற்ற பணம் ஒப்படைத்தவருக்கே உரியது. ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. காலம் கடந்தால் துப்பாக்கி அரசுக்குப் போய்விடும்.